அத்தையின் கையெழுத்தை யார் போட்டது?

பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் என்று நீளும் தமிழ் ஊர்களில் பல வீடுகளுக்கு மெயில் ஐடி ஒன்றுதான். கல்லூரிக்குப் போன மகனோ மருமகனோ வைத்திருப்பது அது. சப்ளைகோவுக்கு நெல் போடப் பதிவு செய்யவும், நிலவரி ரசீது எடுக்கவும், பிள்ளைகளின் உதவித்தொகைக்கு எழுதிப் போடவும் அந்த ஒன்றே எல்லோருக்கும் பொது. ஏதாவது வந்தால் பையன் பார்த்துச் சொல்லிவிடுவான். தகவல் வந்து சேர ஒரு முகவரி தாராளமாகப் போதும். ஆனால் அதே முகவரிக்கு ஐந்து பேரின் கையெழுத்தைக் கேட்டு ஐந்து கடிதம் வரும்போது, கேட்கப்படுவது ஐந்து பேரின் சம்மதம். அதை வாங்க ஒரு முகவரி போதவே போதாது. போதும் என்று நினைத்து நடந்துகொள்கிறவர்களால் யாருடைய உரிமை போகிறது என்பதை நான் தினமும் என் மேஜையிலிருந்து பார்க்கிறேன்.

நான் கொழிஞ்சாம்பாறையில் விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவள். பிறந்தது மூணாறு பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். கல்யாணமாகி வந்தது இந்தப் பக்கம். வெள்ளைத்தாளும் கார்பன் பேப்பரும் வைத்துத் தொடங்கிய வேலை இப்போது கம்ப்யூட்டர், பிரிண்டர், ஸ்கேனர் என்று வளர்ந்திருக்கிறது. வருகிறவர்கள் தமிழில் சொல்வார்கள். நான் மலையாளத்தில் எழுதுவேன். இப்போது அவர்கள் போனுக்கு வந்த ஆங்கில மெயிலைப் படித்து அர்த்தம் சொல்வதும் இந்த வேலையில் சேர்ந்துவிட்டது.

முதலமடைப் பக்கம் ஒரு மாந்தோப்பு. தகப்பனார் போன பிறகு பாகம் பிரிக்காமல் ஐந்து பிள்ளைகளுக்கும் பொதுவாகக் கிடக்கிறது. ஆண்கள் மூவர், பெண்கள் இருவர். இளைய பெண்ணைக் கட்டிக்கொடுத்தது பொள்ளாச்சியில். மூத்தவர் கணவரை இழந்தபின் தோப்பை ஒட்டிய வீட்டிலேயே வந்து தங்கிவிட்டார். அவரைத் தெருவே அத்தை என்றுதான் கூப்பிடும். நாட்டிலேயே முதலில் மாங்காய் சந்தைக்கு வருகிற இடங்களில் முதலமடையும் ஒன்று. ஜனவரியிலேயே பறிப்பு தொடங்கிவிடும் என்பதால், பூ எடுப்பதற்கு முன்பே வியாபாரிகள் தோப்பைப் பேசி அட்வான்ஸ் கொடுத்துவிடுவார்கள். இந்தத் தோப்பைப் பேசியது வெளியூர்க் கம்பெனி ஒன்று. தாளோடு ஆளை அனுப்பாமல், ஆன்லைன் கையெழுத்துச் சேவை ஒன்றின் வழியாக ஒப்பந்தத்தை அனுப்பினார்கள். ஐந்து பெயரும் ஐந்து மெயில் ஐடியும் கேட்டார்கள். குடும்பத்தில் இருந்ததோ கடைசித் தம்பியின் மகனுடையது மட்டும். ஐந்து பெயருக்கும் அதையே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

பையன் நல்ல பையன். அப்பா முடித்துவிடு என்றார், முடித்துவிட்டான். ஒவ்வொரு மெயிலாகத் திறந்து, கையெழுத்து என்று மஞ்சள் காட்டிய இடத்தில் தட்டி, ஐந்தையும் அனுப்பிவிட்டான். முடிந்த ஒப்பந்தத்தைப் பிரிண்ட் எடுக்க அவன் என்னிடம் வந்தபோது, பென்ஷன் வாங்குகிறவர் உயிரோடு இருப்பதை உறுதி செய்யும் மஸ்டரிங் விஷயமாக அத்தையும் கூட வந்திருந்தார். இப்படிப்பட்ட ஒப்பந்தங்களின் கடைசிப் பக்கத்தில் யார், எந்த முகவரியிலிருந்து, எந்த நேரத்தில் கையெழுத்திட்டார் என்று ஒரு பதிவு அச்சாகி வரும். ஐந்து பெயர்கள். எதிரே ஒரே மெயில் ஐடி ஐந்து முறை. இணைய எண் ஐந்துக்கும் ஒன்று. முதல் கையெழுத்துக்கும் கடைசிக் கையெழுத்துக்கும் நடுவே சில நிமிடங்கள்தான். அத்தை பெயரை நான் வாய்விட்டுப் படித்ததும் அவர் நிமிர்ந்தார்.

“நான் எப்பங்க அம்மணி கையெழுத்துப் போட்டேன்?”

“உங்களுதும் நானே போட்டுட்டனுங்க அத்தை. எல்லாம் ஒரே மெயில்ல வந்துதுங்க” என்றான் பையன்.

“போடறதுக்கு முன்னால ஒருக்காப் படிச்சுக் காட்டியிருக்கலாமல்ல கண்ணு?”

அந்த அம்மாள் எழுதப் படிக்கத் தெரிந்தவர். தன் பெயரைத் தமிழில் தெளிவாக, இன்ஷியலோடு எழுதுவார். ஒப்பந்தத்தை நான் பக்கம் பக்கமாகத் தமிழில் சொல்லிக் காட்டினேன். இரண்டு இடங்களில் நிறுத்தினார். அட்வான்ஸ் முழுவதும் ஒருவர் கணக்குக்குப் போகும் என்பது ஒன்று. மருந்து எப்போது, எவ்வளவு அடிப்பது என்பது வாங்குகிறவர் விருப்பம் என்பது மற்றொன்று. தோப்பு மருந்தைப் பற்றி முதலமடையில் கவலை எழுவது புதிதல்ல. அத்தையின் கிணறு தோப்புக்குள் இருக்கிறது. மற்ற நால்வரின் வீடு தோப்பிலிருந்து தள்ளி. அந்த வாசகத்தைக் கேட்டு நிறுத்தக் காரணம் இருந்தவர் அந்தக் குடும்பத்தில் அவர் ஒருவரே; அவர் கையெழுத்துதான் அவருக்குத் தெரியாமல் விழுந்திருந்தது.

பிறகு கம்பெனிக்குப் போன் போட்டுச் சொன்னார்கள். அவர்களும் முரண்டு பிடிக்கவில்லை. பணம் ஐந்து கணக்குக்கும் பிரித்துப் போக வேண்டும், மருந்து அடிப்பதற்கு முதல்நாளே அத்தை வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்று மாற்றி எழுதி, இந்த முறை தாளில் எடுத்து, பொள்ளாச்சியிலிருந்து தங்கையும் பஸ் ஏறி வந்து கையெழுத்துப் போட்டார். காரியம் நல்லபடியாக முடிந்தது. அன்றைக்கு மஸ்டரிங்குக்காக அத்தை கூட வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தச் சேவைகள் எப்படி வேலை செய்கின்றன என்பதை வாசகர்கள் தெரிந்துகொள்வது நல்லது. அனுப்புகிறவர் ஒப்பந்தத்தை ஏற்றி, கையெழுத்திட வேண்டியவர்களின் பெயரையும் மெயில் ஐடியையும் கொடுக்கிறார். ஒவ்வொருவருக்கும் தனித்தனி இணைப்பு போகிறது. அந்த இணைப்பைத் திறந்து தட்டுகிறவர் யாரோ, அவரையே அந்தப் பெயருக்கு உரியவராகக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்கிறது. பெட்டியைத் திறக்க முடிந்தவர் பெட்டிக்குச் சொந்தக்காரர் என்ற ஒரே நம்பிக்கையில்தான் முழு ஏற்பாடும் நிற்கிறது. ஒருவருக்கு ஒரு பெட்டி என்றால் அந்த நம்பிக்கைக்கு ஏதோ பொருள் உண்டு. ஐந்து பேருக்கு ஒரு பெட்டி என்றால் இல்லை. சில சேவைகள் ஒரே முகவரியை இரண்டாம் முறை ஏற்காது. சில, பெயர் வேறாக இருந்தால் ஏற்றுக்கொள்ளும். ஏற்றுக்கொண்டாலும், ஒரே தலைப்பில் வரும் கடிதங்களை ஜிமெயில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவிடும். எது யாருக்கு வந்தது என்று பிரித்துப் பார்க்கவே பொறுமை வேண்டும்.

ஏற்காத சேவைகளை ஏமாற்றவும் ஒரு வழி புழக்கத்தில் இருக்கிறது. ஜிமெயில் முகவரியில் ‘அட்’ குறிக்கு முன்னால் ஒரு கூட்டல் குறியும் ஏதோ ஒரு சொல்லும் சேர்த்தால், அதுவும் பழைய பெட்டிக்கே வந்து சேரும். பெயருக்கு நடுவே புள்ளி வைத்தாலும் அப்படியே. கம்ப்யூட்டருக்கு அவை வேறு வேறு முகவரிகள், பெட்டி ஒன்றே. இதைச் சாமர்த்தியம் என்று கடைக்காரர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒரே முகவரி ஐந்து முறை அச்சாகி வந்ததால்தான் அத்தை விஷயத்தில் எனக்கு உறைத்தது. கூட்டல் குறி போட்டிருந்தால் ஐந்து முகவரியாகத் தெரிந்திருக்கும், கேள்வியே எழுந்திருக்காது. உண்மையை மறைக்கிற இந்த வழியை யாரும் யாருக்கும் கற்றுத்தர வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். முகவரி ஒன்றுதான் என்றால் ஒன்று என்றே சொல்லுங்கள்.

சட்டம் இதை அறியாமல் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இல் வந்தது. 2008 திருத்தத்தில் சேர்ந்து 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த 3ஏ பிரிவு, மின்னணுக் கையெழுத்து நம்பத்தக்கதாக இருக்க என்ன வேண்டும் என்று சொல்கிறது. கையெழுத்தை உண்டாக்கும் தரவு கையெழுத்திடுபவரோடு மட்டுமே இணைந்திருக்க வேண்டும், வேறு யாரோடும் அல்ல. கையெழுத்திடும் நேரத்தில் அது அவர் கட்டுப்பாட்டில் மட்டுமே இருக்க வேண்டும், வேறு யார் கையிலும் அல்ல. ‘வேறு யாரும்’ என்பதைச் சட்டம் இரண்டு முறை சொல்கிறது. பொதுப் பெட்டி இந்த இரண்டிலும் தோற்றுப்போகும்.

அப்படியானால் அந்த ஒப்பந்தம் செல்லாதா என்று கேட்பார்கள். அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. அதே சட்டத்தின் 10ஏ பிரிவு, மின்னணு வழியில் ஏற்பட்டது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்கிறது. ஓராண்டுக்கு மேல் நிலத்தையே குத்தகைக்கு விட்டால் பதிவு கட்டாயம். எல்லோரும் சப் ரிஜிஸ்ட்ரார் முன்னால் வந்து ரேகை வைத்தாக வேண்டும். ஆனால் மரத்திலுள்ள பழத்தையும் மரத்தில் ஊறும் சாற்றையும் 1908ஆம் வருடப் பதிவுச் சட்டம் அசையும் சொத்தாகக் கணக்கிடுகிறது. மாங்காய்க்கும் தென்னங்கள்ளுக்கும் பேர்போன எங்கள் சித்தூர் தாலுகாவுக்காகவே எழுதியதுபோல இருக்கும் வரி அது. ஒரு பருவத்துக் காயை விற்கப் பதிவு வேண்டாம் என்றால், அதிகாரி முன்னால் ஆள் நிற்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆகவே, தட்டியது யார் என்ற கேள்வி பிறகு கோர்ட்டில்தான் தீரும். கையெழுத்து என்னுடையது இல்லை என்று நிரூபிக்க அலைய வேண்டியது யார்? பெட்டி இல்லாதவர்தான். அவரிடம் ஒப்பந்தத்தின் நகல்கூட இருக்காது, ஏனென்றால் முடிந்த நகலும் அதே பெட்டிக்குத்தான் போகிறது. இன்னொருவரின் கையெழுத்தையோ பாஸ்வேர்டையோ மோசடியாகப் பயன்படுத்தினால் 66சி பிரிவில் மூன்று வருடம் வரை சிறை உண்டு. ஆனால் தன் தம்பி மகன் மேல் எந்த அத்தை போலீஸுக்குப் போவார்?

‘ஆதார் இருக்கிறதே, அதில் இ-சைன் போட்டால் தீர்ந்தது’ என்பது அடுத்த பதில். 2015இலிருந்து அந்த வசதி இருக்கிறது, மெயிலைத் தட்டுவதைவிடப் பல மடங்கு உறுதியானதும்கூட. ஆதார் எண்ணைக் கொடுத்து, ஓடிபியோ ரேகையோ தந்தால், அந்த ஒரு கையெழுத்துக்காகவே ஒரு சான்றிதழ் உண்டாகி, கையெழுத்து விழுகிறது. பீ.எப். வாரிசு நியமனத்தை ஆன்லைனில் செய்கிறவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். ஆனால் ஆதாரில் இணைக்கும் மொபைல் எண் ஆளுக்கு ஒன்று என்று எந்தக் கட்டாயமும் கிடையாது. ஒரே எண்ணை வீட்டிலுள்ள அத்தனை பேர் ஆதாரிலும் இணைக்கலாம், இணைத்தும் இருக்கிறார்கள். பொது மெயிலுக்கு நேர்ந்தது பொது போனுக்கும் நேர்கிறது. அப்பா, அம்மா, மருமகள் மூவரின் ஓடிபியும் மகன் சட்டைப்பையில் வந்து விழுகிறது.

நான் பிறந்த இடுக்கியில் இது இன்னும் மோசம். மகன் கோயம்புத்தூரிலோ திருப்பூரிலோ வேலையில் இருப்பான், போன் அவனிடம். சில எஸ்டேட் டிவிஷன்களில் ரேஞ்ச் கிடைக்க மேட்டில் ஏற வேண்டும். அம்மா பக்கத்து வீட்டுப் போனில் கூப்பிட்டு, ‘ஏல, நம்பர் வந்துச்சா?’ என்று கேட்டு, அவன் சொல்வதைக் கடைக்காரரிடம் ஒப்பித்தால் வேலை நடக்கும். ஓடிபியை யாரிடமும் சொல்லக்கூடாது என்று வங்கிகள் விளம்பரம் செய்கின்றன. அதைச் சொல்லாமல் ஒரு காரியமும் நடக்காது என்ற நிலையில் அந்தத் தாய்மாரை வைத்திருக்கிறோம். நாளைக்கு ஒரு மோசடிக்காரன் போன் செய்து கேட்டால் அவர்கள் சொல்லத்தான் செய்வார்கள், பழக்கிவிட்டது நாம்.

ரேகை வைக்கலாமே என்றால், கொழுந்து எடுத்த விரலைப் பார்த்தவர்கள் அதை அவ்வளவு சுலபமாகச் சொல்ல மாட்டார்கள். என் அம்மாவின் வலது பெருவிரலும் ஆள்காட்டி விரலும் தேயிலைக் கறை ஏறிக் கறுத்து, தோல் வெடித்து, தொட்டால் உப்புத்தாள்போல இருக்கும். ஏலக்காய் எடுக்கிறவர்களுக்கும் விரல் நுனி இதே கதிதான். கருவி ‘மறுபடி வைக்கவும்’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும். வண்டன்மேட்டுக்கும் பூப்பாறைக்கும் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஜீப்பில் வந்து போகிறவர்களுக்கு வேறொரு சிக்கலும் உண்டு. வேலை கேரளத்தில், ஆதார் விலாசம் தமிழ்நாட்டில். ஓர் அலுவலகம் மற்றதைக் கைகாட்டும்.

தோட்டத்துப் பெண்களுக்குத் தங்களுக்காக இன்னொருவர் கையெழுத்துப் போடுவது என்ன செய்யும் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2015 செப்டம்பரில் போனஸ் 10 விழுக்காடாகக் குறைந்தபோது, மூணாறில் ஆயிரக்கணக்கான பெண் தொழிலாளர்கள் சாலைக்கு வந்தார்கள். பெம்பிளை ஒருமை என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். கம்பெனி மேல் இருந்த கோபம் அளவுக்கு, தங்கள் பெயரில் பேசி ஒப்பந்தம் போட்டுவந்த சங்கத் தலைவர்கள் மேலும் இருந்தது. அவர்களை ஒதுக்கிவிட்டுத் தாங்களே பேசி, 20 விழுக்காடு வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். எனக்குத் தெரிந்த பெண்கள் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அப்படித் தனக்காகத் தானே பேசிய ஒருத்தி, வீட்டுக்கு வந்ததும் மகனின் மெயில் பெட்டிக்குள் ஒரு பெயராகச் சுருங்கிப்போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இதே மலையில் இன்னொன்றும் நடந்திருக்கிறது. 2005இல் டாடா டீயிடமிருந்து தோட்டங்களை எடுத்துக்கொண்டு கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் கம்பெனி உருவானபோது, தோட்டத் தொழிலாளர்கள் அதன் பங்குதாரர்கள் ஆனார்கள். கொழுந்து எடுக்கிற பெண்ணும் பங்குதாரர். ஆயிரம் உறுப்பினருக்குக் குறையாத கம்பெனிகள் பொதுக்கூட்டத் தீர்மானங்களுக்கு மின்னணு வாக்கு வசதி தர வேண்டும் என்பது 2014ஆம் வருடக் கம்பெனி விதி. ஒரே வீட்டில் மாமியாரும் மருமகளும் பங்குதாரர்களாக இருந்து, இருவருக்கும் முகவரி ஒன்றாக இருந்தால், இரண்டு வாக்கில் எது யாருடையது? நாட்டில் தொழிலாளர் பங்குதாரராக உள்ள எந்த இடத்துக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

பணம் புழங்கும் இடங்களில் இதற்கு விதி போட்டிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆற்றாமை. பங்குச்சந்தையில் ஒருவர் மெயிலையும் மொபைலையும் இன்னொருவர் கணக்குக்குக் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு செபி 2011இலேயே பதில் சொல்லிவிட்டது. ஒரே குடும்பமாக இருக்க வேண்டும். குடும்பம் என்றால் கணவன், மனைவி, சார்ந்து வாழும் பிள்ளைகள், சார்ந்து வாழும் பெற்றோர். அதற்கும் வாடிக்கையாளர் எழுத்தில் கேட்க வேண்டும். கம்பெனி டைரக்டர்கள் விவரம் புதுப்பிக்கும்போது ஆளுக்கு ஒரு மெயில், ஆளுக்கு ஒரு மொபைல் என்று 2018இலிருந்து கேட்கிறார்கள். ஷேர் வாங்குகிறவருக்கும் டைரக்டருக்கும் இவ்வளவு பாதுகாப்பு இருக்கும்போது, பங்கு பிரியாத தோப்பில் உரிமை உள்ள விதவைக்கு ஏன் இல்லை?

நான் பேசுகிற பலரும் இதைப் பெரிய விஷயமாக நினைப்பதில்லை. குடும்பத்துக்குள் என்ன கணக்கு, பெரியவர் போட்டால் எல்லோரும் போட்டதுதானே என்பார்கள். அந்தக் காலத்திலும் அப்படித்தானே என்பார்கள். அந்தக் காலத்தில் ரெஜிஸ்தர் தபால் வந்தால், ஒரே கதவிலக்கத்தில் பத்துப் பேர் இருந்தாலும், போஸ்ட்மேன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு உரியவரிடமே கையெழுத்து வாங்குவார். விலாசம் பொது என்பதற்காக ஆள் பொதுவாகிவிடவில்லை. இரண்டாவதாக அவர்கள் சொல்வது தூரம். அதில் நியாயம் உண்டு. அண்ணன் மூணாறில், தங்கை சித்தூரில், தம்பி திருப்பூரில் என்று சிதறிய குடும்பத்தில் ஒரு தாளில் எல்லோரும் கையெழுத்துப் போட ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போகும். மூணாறிலிருந்து உடுமலை, பொள்ளாச்சி சுற்றி இங்கே வந்து சேர எனக்கே பொழுது சாய்ந்துவிடும். மின்னணுக் கையெழுத்து எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய வசதி. அது வேண்டும். ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்கிற விதத்தில் வேண்டும்.

அதைச் செய்வது கஷ்டமும் இல்லை. முகவரி ஒன்றாகவே இருக்கட்டும். ஒவ்வொருவருக்கும் தனி ரகசிய எண் வைத்து அனுப்பும் வசதி பெரிய சேவைகள் பலவற்றிலும் இருக்கிறது; அந்த எண்ணை மெயிலில் போடாமல், அனுப்புகிறவர் உரியவரையே போனில் கூப்பிட்டுச் சொன்னால் போதும். அந்த ஒரு போன் பேச்சிலேயே ‘எதற்கு இது?’ என்று கேட்க அவருக்கு வாய்ப்புக் கிடைத்துவிடுகிறது. நேரில் கையெழுத்து வாங்கும் முறையும் உண்டு. ஒருவர் பொறுப்பேற்று, ஒரே டேப்லெட்டை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து, அடையாள அட்டையைப் பார்த்துக் கையெழுத்து வாங்குவார். யார் வாங்கினார் என்பதும் பதிவாகும். கூட்டுச் சொத்து ஒப்பந்தங்களுக்கு இதையே வழக்கமாக்கலாம். இது ஒன்றும் இயலாதபோது பிரிண்ட் எடுத்து, பேனாவால் கையெழுத்திட்டு, ஸ்கேன் செய்து அனுப்புவதை எந்தக் கம்பெனியும் அலுவலகமும் மறுக்கக் கூடாது. மெயில் ஐடி இல்லாததால் ஒருவருக்குக் கையெழுத்தே இல்லை என்று ஆகிவிடக் கூடாது.

கடைகளில் உருவாக்கிக் கொடுக்கும் முகவரிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். விண்ணப்பத்தில் மெயில் கட்டாயம் என்று சிவப்பு நட்சத்திரம் நிற்கும். கையில் இல்லாதவர்களுக்குக் கடைக்காரர் அங்கேயே ஒன்று உருவாக்குவார், அல்லது கடையின் மெயிலையே போடுவார். பாஸ்வேர்ட் கடை நோட்டில் இருக்கும். கடை மூடினால் முகவரியும் போயிற்று. மூடாவிட்டால் அந்தப் பெயரில் வரும் ஒவ்வொரு கடிதமும் ஊரில் யாரோ ஒருவர் பார்வைக்குப் போகும். என் மேஜையில் அப்படி உருவாக்கினால் பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதி அவர்கள் கையில் கொடுத்து, வீட்டில் பத்திரப்படுத்தச் சொல்கிறேன். கட்டாய நட்சத்திரத்தை எடுத்துவிட்டாலே இந்த வேலை பாதி குறையும்.

கேரளம் இதில் முன்னே போகக்கூடிய மாநிலம். 2002இல் மலப்புறத்தில் அட்சயா கம்ப்யூட்டர் சேவை மையங்களைத் தொடங்கியது இந்த மாநிலம்தான். 2025 ஆகஸ்டில் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அறிவித்துக்கொண்டது. போனில் பேரனை வீடியோவில் பார்க்கத் தெரிந்த பாட்டிக்கு அந்தக் கணக்கில் இடம் உண்டு, எனக்கும் அதில் சந்தோஷம். ஆனால் அந்தப் பாட்டிக்குத் தனியாக ஒரு முகவரியோ, தன் பெயரில் வந்ததைத் தானே திறக்கும் வழியோ இருக்கிறதா என்று அடுத்ததாகக் கேட்க வேண்டும். உள்ளாட்சிச் சேவைகளை ஆன்லைனில் தரும் கே-ஸ்மார்ட் 2025 ஏப்ரலில் கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் வந்துவிட்டது. அதில் கல்யாணத்தைப் பதிவு செய்ய நேரில் போகாமலே வீடியோவில் முகத்தைக் காட்டி ஆளை உறுதி செய்யலாம். கல்யாணத்துக்கு மணமகனும் மணமகளும் தனித்தனியாகச் சம்மதம் சொல்ல வழி செய்தவர்களுக்கு, கூட்டுப் பட்டா நிலத்துக்கும் வாரிசுகளின் ஆட்சேபம் இல்லை என்ற கடிதத்துக்கும் அதே வழியைத் திறந்துவிடுவது முடியாத காரியமா?

அதைத் தமிழிலும் திறக்க வேண்டும். 1969ஆம் வருட ஆட்சிமொழிச் சட்டம், இந்த மாநிலத்துத் தமிழர்கள் தலைமைச் செயலகத்துக்கும், துறைத் தலைவர்களுக்கும், தாங்கள் மிகுதியாக வாழும் பகுதிகளின் அரசு அலுவலகங்களுக்கும் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும் என்கிறது. தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை, சித்தூர் தாலுகாக்களில் அந்த உரிமையைத் தாளில் கேட்டு வாங்கிய தலைமுறை இன்னும் இருக்கிறது. திரையில் கையெழுத்துக் கேட்கும்போது, எதற்குச் சம்மதிக்கிறோம் என்ற அந்த நாலு வரியாவது தமிழில் வர வேண்டும். வாசகத்தைப் புரிந்துகொள்ளாமல் தானே தட்டுவதற்கும், தன் பேரில் தம்பி மகன் தட்டுவதற்கும் பெரிய தூரம் இல்லை.

முதலமடையில் மழை விட்டதும் தோப்புப் பேச்சு மறுபடி தொடங்கும். வாங்க வருகிற கம்பெனிகளிடமும் விற்கிற குடும்பங்களிடமும் நான் கேட்பது இதுதான். பட்டியலில் ஒரே மெயில் ஐடி இரண்டாவது முறை வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அந்தப் பெயருக்கு உரியவரின் போன் நம்பரைக் கேளுங்கள், போன் இல்லையென்றால் வீட்டைக் கேட்டு ஆளை அனுப்புங்கள். அவர் குரலில் சரி என்று வந்த பிறகு இணைப்பை அனுப்புங்கள். முடிந்ததும் அவருக்கென்று ஒரு நகலைத் தாளில் எடுத்துக் கொடுங்கள். அதற்கு ஆகும் செலவு ஒரு பெட்டி மாங்காய் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.